மதுரை சுற்றுவட்டாரத்தில் இப்போது யார் என்ன வேலைக்குப் போகிறார்கள்? ஒன்றிய வாரியாகச் சொல்லுங்கள்

குழுக்கணக்கு_செல்லம்பட்டி (இழையைத் தொடங்கியவர்)

செல்லம்பட்டி ஒன்றியத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். கடன் விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. 2010 வாக்கில் எழுதிய பழைய தாள்களில் அந்தக் கட்டத்தில் ‘விவசாயக் கூலி’ அல்லது ‘கறவை மாடு’ என்றுதான் இருக்கும். இப்போது மில் வேலை, சித்தாள், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி துப்புரவு, வீட்டு வேலை, மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று வருகிறது. அதிலும் ஒரே பெண்ணுக்கு மூன்று தொழில். தையில் கதிரறுப்பு, வைகாசியில் மண்டபம், இடையில் நூறு நாள் வேலை. எதை எழுதுவது என்று அவர்களே என்னிடம் கேட்கிறார்கள்.

மாவட்ட அளவில் வெளிவரும் வேலைவாய்ப்புக் கணக்கு இதற்கு உதவவில்லை. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்ட மக்கள்தொகை 30.38 லட்சம். அதில் 60 சதவீதம் பேர் நகர்ப்புறம். மாநகராட்சியையும் நம் 13 ஒன்றியங்களையும் சேர்த்துச் சராசரி போட்டால் நகரம்தான் முன்னால் தெரியும். 420 ஊராட்சிகள் எங்கே போயின என்றே தெரியாது.

கிராமத்தில் வேலையே இல்லை என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலை இருக்கிறது. துண்டு துண்டாக இருக்கிறது, தூரத்தில் இருக்கிறது. வருஷம் முழுக்க ஒரே இடத்தில், மாதம் இவ்வளவு வரும் என்று நம்பிக் கடன் வாங்கக்கூடிய வேலைதான் குறைந்துவிட்டது. ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுகிறார்கள். பெண்களுக்கு அது நடப்பதில்லை.

அடுத்த கிராமசபைக்கு இதை எழுதி எடுத்துப் போக நினைக்கிறேன். உங்கள் பக்கம் எது குறைந்தது, எது கூடியது, காலையில் எத்தனை மணிக்கு எங்கே போகிறார்கள், சொல்லுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒன்றியம் போதும்.

இருபோகம்_வாடிப்பட்டி

நல்ல கேள்வி தங்கச்சி. விவசாயி பக்கத்தை நான் சொல்கிறேன்.

எங்களுடையது பெரியாறு கால்வாய்ப் பாசனம். 1895-இல் அணை திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் நெல்தான். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகம், அதற்கு அப்பால் மேலூர், திருமங்கலம் பகுதி ஒருபோகம். தண்ணீர் காலத்தோடு விட்டால் ஜூனில் நாற்றுப் பாவி, அக்டோபரில் அடுத்த போகம் தொடங்கலாம். என் அப்பா காலத்தில் ஒரு போகத்துக்கு நாற்றுப் பறிக்க, நட, இரண்டு தடவை களை எடுக்க, அறுக்க, கட்டுத் தூக்க, களத்தில் அடிக்க, தூற்ற என்று ஊரே வயலில்தான் கிடக்கும்.

இப்போது அறுப்பு முழுக்க மெஷின். ஈரம் கிடந்தால் செயின் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. ஒரு ஏக்கர் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. களைக்கு மருந்து அடித்துவிடுகிறோம். நடவுக்கு மட்டும்தான் ஆள் வேண்டும், அதற்குத்தான் ஆள் இல்லை. மேற்கு வங்கத்துப் பையன்கள் குழுவாக வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள். கயிறு கட்டி வரிசையாக, வேகமாக நடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போய்க் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆலைக்குள் இருந்தவர்களோடு அந்தக் கணக்கு முடியாது. வெட்டு ஆட்கள், அவர்களைக் கூட்டி வரும் மேஸ்திரி, டிராக்டர்காரர், மாட்டு வண்டிக்காரர், பட்டறை, ஆலை வாசலில் டீக்கடை எல்லாரும் போனார்கள். கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதப் பயிர். அதில் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். கரும்பை விட்டவர்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் மாறினார்கள். தென்னைக்கு ஆள் தேவை ரொம்பக் கம்மி. அரவைக்குக் கரும்பு இல்லை என்று ஆலை நின்றது. ஆலை இல்லாததால் கரும்பு போடுவதில்லை.

களை_எடுத்தவள்

அண்ணே, கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. கோபப்படாமல் கேளுங்கள்.

நடவுக் கூலி உங்கள் பக்கம் என்ன தருகிறீர்கள்? எங்கள் பக்கம் ஆணுக்கு வரப்பு வெட்ட எழுநூறு, எண்ணூறு. பெண்ணுக்கு நாளெல்லாம் குனிந்து நட அதில் பாதி. நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய் என்று அறிவித்தார்கள். அளந்து பார்த்துப் போடும்போது முழுசாக வராது. 2024 நவம்பருக்குப் பிறகு மாதக்கணக்கில் கூலியே வராமல் கிடந்தது. அப்போதும் நாங்கள் போனோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே கூலி, வீட்டுப் பக்கத்தில் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வந்துவிடலாம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். ஆம்பளைகளுக்கு வெளியே இதைவிட அதிகம் கிடைக்கிறது, அதனால் அவர்கள் வருவதில்லை.

உங்கள் நடவு எத்தனை நாள் இருக்கும்? ஒரு போகத்துக்கு இரண்டு வாரம், மூன்று வாரம். அறுப்பை மெஷினுக்குக் கொடுத்துவிட்டீர்கள், களையை மருந்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். மிச்சம் இருக்கிற மூன்று வாரத்துக்கு மட்டும் நாங்கள் ஊரில் காத்திருக்க வேண்டும் என்றால் மீதி மாதத்துக்கு அரிசி யார் தருவது? வாராவாரம் குழு லோன் தவணை கட்டியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் வசூலுக்கு வந்துவிடுவார்கள். அவர்கள் மழைக்காலம் வெயில்காலம் பார்ப்பதில்லை.

இருபோகம்_வாடிப்பட்டி

நியாயம்தான்மா. கூலியைக் கூட்டிக் கொடுக்க ஆசைதான். நெல் விலை எங்கள் கையில் இல்லை. கொள்முதல் நிலையம் திறக்க ஒரு வாரம் தாமதமானால் மழையில் முளைத்துப் போகிறது, வியாபாரி சொன்னதுதான் விலை.

மேலூர்_பாறை

மேலூர் ஒன்றியத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே வேலைவாய்ப்பு என்றால் 2012க்கு முன், 2012க்குப் பின் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கீழவளவு, கீழையூர், தெற்குத்தெரு பக்கம் கிரானைட் குவாரிகள் ஓடிய காலத்தில் டிரில்லர், கம்ப்ரசர் ஆபரேட்டர், கல் அறுக்கும் வயர்சா, கிரேன், லாரி, பாலிஷ் கம்பெனி, மெஸ், டயர் பஞ்சர் என்று எத்தனையோ பிழைப்பு. நான் கம்ப்ரசரில் இருந்தேன். விவசாயக் கூலியைப் போல் இரண்டு மூன்று மடங்கு சம்பளம், வாரச் சனிக்கிழமை கையில். அப்போது கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு அனுப்பிய கடிதம் 2012-இல் வெளியே வந்தது. சட்ட விரோதக் குவாரிகளால் அரசுக்கு 16 ஆயிரம் கோடிக்கு மேல் இழப்பு என்று அதில் இருந்தது. சோதனை, வழக்கு, குவாரிகள் நின்றன. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது, அடுத்த வருஷம் அறிக்கை வந்தது.

மூடியது சரி என்று அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். கண்மாயும் வாய்க்காலும் கழிவுக் கல்லுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அங்கே வேலை பார்த்தவனைப் பற்றி யாரும் ஒரு பக்கம் கூட எழுதவில்லை. எங்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, பி.எஃப். கிடையாது. அதனால் வேலை போனதாகவும் எங்கேயும் பதிவில்லை. தொழில் தெரிந்தவர்கள் கிருஷ்ணகிரி, ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் போனார்கள். சிலர் வளைகுடாவுக்கு. லாரி ஓட்டியவர்கள் எம்-சாண்டு வண்டிக்கு மாறினார்கள். என்னைப் போல் வயதானவர்கள் ஊரிலேயே தங்கிக் கொத்தனாருக்குக் கையாளாகப் போனோம். நிலத்தை விற்றவர்களுக்கு நிலமும் இல்லை, குவாரியும் இல்லை. அங்கே இப்போது ஆழமான தண்ணீர்க் குழிதான் இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால்தான் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து எங்கள் ஊர்கள் ஏன் அப்படி நின்றன என்பது புரியும். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனதாக அறிவிப்பு வந்தது. 2,015 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி மலைகளும் அடக்கம். 2022-இல்தான் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்திருந்தது. ‘ஆயிரக்கணக்கில் வேலை வரும், ஏன் எதிர்க்கிறீர்கள்’ என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? சுரங்கத்தில் எத்தனை வேலை வரும், அது யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்பதை நாங்கள் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த நிலத்தில் ஏற்கெனவே இருக்கிற வேலையை, நெல், வாழை, மாடு, ஆடு, பூ, கல்யாண மண்டபம் வரைக்கும், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்று மதுரையை நோக்கிப் பேரணி, 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பேரணியில் என்னோடு நடந்தவர்களில் பழைய குவாரி ஆட்கள் நிறையப் பேர்.

குழுக்கணக்கு அக்கா, உங்கள் கிராமசபைத் தாளில் ‘புதிதாக வரும் வேலை’ என்று எழுதினால் பக்கத்திலேயே ‘அதனால் போகும் வேலை’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள்.

குழுக்கணக்கு_செல்லம்பட்டி

கண்டிப்பாகப் போடுகிறேன் அண்ணே. சம்பளச் சீட்டு இல்லாததால் வேலை போனதும் பதிவில்லை என்று சொன்னீர்களே, என் கணக்கு நோட்டிலும் அதே நிலைமைதான். கொரோனா ஊரடங்கில் மண்டபம், ஜவுளிக்கடை எல்லாம் நின்றபோது தவணை கட்ட முடியாதவர்கள் பட்டியல் என்னிடம் இருந்தது. வேலை போனவர்கள் பட்டியல் யாரிடமும் இல்லை.

கப்பலூர்_ஷிஃப்ட்

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். கம்பெனி வேலை பக்கத்தைச் சொல்கிறேன், இது திருமங்கலம், கள்ளிக்குடி, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களுக்குப் பொருந்தும்.

மதுரை பக்கம் உற்பத்தி என்றால் கப்பலூர், கே.புதூர், உறங்கான்பட்டியில் உள்ள சிட்கோ சிறுதொழில் பேட்டைகள், மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டி டயர் ஆலை, அதை ஒட்டிய ரப்பர் உதிரிபாகக் கம்பெனிகள், நூற்பாலைகள், பாலிதீன், உணவுப் பொருள். ஆட்கள் எப்போதும் கேட்கிறார்கள், கேட்பதெல்லாம் காண்ட்ராக்ட்டுக்குத்தான். அப்ரண்டிஸ் ஒரு வருஷம், அது முடிந்தால் வேறு கம்பெனியில் வேறு பெயரில் டிரெய்னி. முப்பது வயதுக்குள் நாலு கம்பெனி பார்த்தவர்கள் என் செட்டில் நிறைய. முன்பு மதுரை மில்லில் சேர்ந்தால் அங்கேயே ரிட்டயர் ஆகிவிடலாம் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். அந்த மாதிரி வேலை இப்போது கண்ணில் படவே இல்லை.

துண்டு வேலையால் என்ன இழக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் விவரமாக எழுதுகிறேன். இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால் மட்டும் போதாது. நோய் விடுப்புக்குப் பணம் கிடைக்க ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் பிடித்தம் இருக்க வேண்டும். பிரசவ விடுப்புக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் 70 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு காலம். மே மாதம் சேர்ந்து ஜூலையில் நின்று நவம்பரில் வேறு மில்லில் சேரும் பெண்ணுக்குப் பணம் பிடித்திருப்பார்கள், பலன் வராமல் போகலாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 வருஷச் சேவை வேண்டும். கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். என்கிற அதே பி.எஃப். கணக்கு நம்பரில் தொடர்ந்தால் வருஷம் கூடிக்கொண்டே போகும். நம் ஆட்கள் நின்றவுடன் முழுசாக எடுத்துவிடுகிறார்கள், அடுத்த இடத்தில் புது நம்பர் போட்டுவிடுகிறார்கள். ஒன்பது வருஷம் உழைத்தும் ஓய்வூதியக் கணக்கில் பூஜ்யம். தயவுசெய்து உங்கள் குழுக்களில் இதைச் சொல்லுங்கள். பழைய நம்பரைக் கொடுத்துத்தான் புது இடத்தில் சேர வேண்டும்.

கரிசல்_பேரையூர்

சேடப்பட்டி, டி.கல்லுப்பட்டி பக்கம் கால்வாய்த் தண்ணீர் கிடையாது, மானாவாரிதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி. 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தை அழித்தது, இப்போது காட்டுப்பன்றி. விதைக்க, களை எடுக்க, பருத்தி எடுக்க என்று ஊரில் வேலை இருப்பது மார்கழி, தை, மாசி வரைக்கும். பருத்தி எடுப்பு ஒன்றுதான் இன்னும் கை வேலை, அது கிலோ கூலி.

மற்ற மாதத்தில் ஊர் முழுக்க வேன்தான். விடியற்காலை ஐந்தரைக்கு மில் வேன், ஆறு மணிக்குச் சிவகாசி பக்கம் பட்டாசு வேன், தீப்பெட்டி வேன். ஒரே தெருவில் அம்மா ஒரு வேன், மகள் ஒரு வேன். பட்டாசு வேலை சுலபமாகக் கிடைக்கும், தினக்கூலி விவசாயத்தை விட அதிகம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பட்டாசில் சேர்க்கும் பேரியம் ரசாயனத்துக்கும் தடை போட்ட பிறகு வருஷத்தில் வேலை நாள் குறைந்துவிட்டது. 2022 நவம்பரில் திருமங்கலம் தாலுகாவிலேயே அழகுசிறையில் பட்டாசு ஆலை வெடித்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் செத்துப்போனார்கள். மறுவாரமே எங்கள் தெருவுக்கு வேன் வந்தது, ஆட்களும் ஏறினார்கள். வேறு வழி இருந்தால் ஏறியிருக்க மாட்டார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

உசிலம்பட்டி ஆண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆந்திரா, மகாராஷ்டிரா, குஜராத் என்று வடக்கே போய் முறுக்கு, மிக்சர் போட்டு விற்கிற தொழிலில் அந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள். அதில் சொந்தமாக அடுப்புப் போட்டு மேலே வந்தவர்களும் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு சின்னப் பையன்களை அனுப்பி, அவர்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் கொத்தடிமையாகக் கிடந்து, அதிகாரிகள் போய் மீட்டு வந்ததும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணும்_டீச்சர்

கணக்கெடுப்புப் பணிக்குப் போன அனுபவத்தில் ஒரு விளக்கம். செல்லம்பட்டிச் சகோதரியின் ‘ஒரு கட்டம்’ பிரச்சினை தேசியக் கணக்கிலும் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் கீழே குறுகிய காலத் தொழிலாளர். களை எடுத்தவள் அக்கா நடவு, மண்டபம், நூறு நாள் மூன்றையும் கூட்டி ஆறு மாதத்தைத் தொட்டுவிட்டால் முதன்மைத் தொழிலாளர் ஆகிவிடுவார், எந்தத் தொழில் அதிக நாளோ அதன் பெயரில். மீதி இரண்டும் காணாமல் போகும். மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வில், அதாவது 2017-இலிருந்து வீடு வீடாக மாதிரி எடுத்து நடக்கும் பி.எல்.எஃப்.எஸ்.-இல், வாராந்திரக் கணக்குப்படி கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். வீட்டு மாட்டைப் பார்க்கிற, கடையில் உதவுகிற, சம்பளமே வாங்காத பெண்ணும் வேலையில் இருப்பவர்தான். அப்படி எண்ணுவது அவர் உழைப்புக்கு மரியாதை, அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பெண்களின் வேலைவாய்ப்பு கூடிவிட்டது என்று செய்தி வரும்போது அதில் எத்தனை பேர் கையில் காசு வந்தது என்று கேட்க வேண்டும்.

2025 ஜனவரியிலிருந்து அந்த ஆய்வு மாதாமாதம் வருகிறது, மாதிரி எடுப்பதிலும் மாவட்டத்தை அடிப்படையாக்கியிருக்கிறார்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 கணக்கு நாள். எண்ணுகிறவர் வீட்டுக்கு வரும்போது ‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லாதீர்கள். ‘வருஷத்தில் என்னென்ன செய்தீர்கள்’ என்று கேட்கும்போது மாடு, பூக்கட்டு, களை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

மொக்கு_உசிலம்பட்டி

எல்லாரும் போனதையே சொல்கிறீர்கள். ஊரிலேயே இருக்கிற வேலை ஒன்று இருக்கிறது, மல்லிகை.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் பக்கமெல்லாம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சின்னச் சின்னக் கொல்லைகள். மாசியிலிருந்து ஆனி வரைக்கும் மொக்கு நிறைய, தினமும் பறித்தாக வேண்டும். இருட்டோடு டார்ச் கட்டிக்கொண்டு இறங்கினால் எட்டு ஒன்பது மணிக்குள் முடித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். பறிகூலி கிலோ கணக்கு. ஒன்பது மணிக்குப் பெண்கள் வீட்டில் இருப்பார்கள், அதற்குப் பிறகு வேறு வேலைக்கும் போகலாம். மெஷின் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. பனி விழும் மார்கழியில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகும், அப்போது செடியில் மொக்கு இருக்காது, பறிக்க ஆள் வேண்டாம். மொக்கு கொட்டுகிற சித்திரையில் விலை விழுந்து பறிகூலிக்கே கட்டாது. மொக்குப் புழுவுக்கு மருந்து அடித்துக் கை தோல் உரிகிறது. ஆனாலும் தங்கச்சி, நடந்து போகிற தூரத்தில் பெண்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் கிடைக்கிற வேலை எங்கள் பக்கம் இது ஒன்றுதான். பெரிய கம்பெனிக்குச் சலுகை தருகிறவர்கள் பூவைச் சேமிக்கவும் சென்ட் ஆலைக்கு நியாயமான விலையில் வாங்கவும் கொஞ்சம் மெனக்கெட்டால் எத்தனை வேனைக் குறைக்கலாம்.

பைக்_மேற்கு

மதுரை மேற்கு ஒன்றியம், இன்ஜினியரிங் முடித்தவன். வடபழஞ்சி ஐ.டி. பூங்கா எங்கள் ஊருக்குப் பக்கம்தான். ஊரிலிருந்து அங்கே கணினி வேலைக்குப் போகிறவர்களை விட செக்யூரிட்டி, துப்புரவு, கேன்டீனுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அப்போது பிளஸ் டூவில் இருந்த என் தங்கை அதை நம்பி நர்சிங் படித்தாள். 2024-இல்தான் கட்டட வேலை தொடங்கியது. அவள் இப்போது சென்னையில்.

என் வயதுப் பையன்களுக்குச் சாப்பாடு டெலிவரி, ஃபைனான்ஸ் வசூல், செல்போன் கடை, லோடு ஆட்டோ. பாதிப் பேர் இரவில் குரூப் 4, போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறார்கள். டெலிவரியில் பெட்ரோல், வண்டி தேய்மானம் போக மிஞ்சுவதைச் சரியாகக் கணக்குப் போட்டால் கப்பலூர் காண்ட்ராக்ட்டுக்கு மேல் வராது. ஆனால் யாரிடமும் லீவு கேட்க வேண்டாம், தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைக்கும், அதற்காகவே போகிறோம்.

இருபோகம்_வாடிப்பட்டி

டீச்சர் சொன்ன கணக்கு இதுவரை எனக்குத் தெரியாது, நன்றி. நூறு நாள் விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச் சட்டத்தில் 125 நாள் ஆக்கியிருக்கிறார்கள், நடவு, அறுப்பு காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று இருக்கிறது. விவசாயிக்கு அது நல்லதுதானே?

களை_எடுத்தவள்

எந்த 60 நாள் என்று யார் சொல்வது அண்ணே? வாடிப்பட்டியில் நடவு ஜூனில். மேலூரில் ஒருபோகம், தண்ணீர் வருகிற நேரத்தைப் பொறுத்து செப்டம்பர், அக்டோபர். பேரையூரில் புரட்டாசி விதைப்பு. மாவட்டத்துக்கு ஒரே தேதி போட்டால் உங்கள் ஊரில் நடவு நடக்கும்போது அவர்கள் ஊரில் இரண்டு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் போக, செலவில் 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். நாள் கூடியது காகிதத்தில், பணம் வந்தால்தான் வேலை.

நிறுத்துகிற நாளில் உங்கள் நடவுக் கூலியை ஆணுக்கு நிகராகத் தருவதாக உங்கள் ஊர் விவசாயிகள் கையெழுத்துப் போட்டால் நானே பத்துப் பேரைக் கூட்டி வருகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

இருபோகம்_வாடிப்பட்டி

ஆயக்கட்டு விவசாயிகள் கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன்மா. எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. நான் தருகிறேன்.

குழுக்கணக்கு_செல்லம்பட்டி

எல்லாருக்கும் நன்றி. கிராமசபைக்கு எழுதியதைச் சுருக்கமாகப் போடுகிறேன், திருத்துங்கள்.

ஒன்று, புதுச் சட்டப்படி நிறுத்தி வைக்கும் நாட்களை மாவட்டத்துக்கு ஒரே மாதிரி வைக்காமல் பாசனம், மானாவாரி என்று ஒன்றியம் பார்த்து வைக்க வேண்டும். வேலை கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்தால் தேதி போட்ட ரசீது தர வேண்டும். 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிதிலும் இருக்கிறது. ரசீது இல்லாததால் எங்கள் ஊரில் யாரும் அதைக் கேட்டதே இல்லை. அடுத்து, சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய ஊரிலேயே ஒரு நாள் முகாம். 18 வயது முதல் 60 வரை பதியலாம், வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது, எங்கள் குழுக்களில் அட்டை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அப்புறம் அங்கன்வாடி காலையில் சீக்கிரம் திறக்க வேண்டும். ஐந்தரை வேனுக்குப் போகிற அம்மாவுக்கு ஒன்பது மணி அங்கன்வாடியால் என்ன பயன்? கடைசியாக பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது வந்த பிறகுதான் எங்கள் ஊரிலிருந்து மதுரைக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போவது கூடியது. ஆனால் முதல் பஸ் ஏழு மணிக்கு. ஆறு மணிக்கு ஒன்று கேட்கிறேன்.

கப்பலூர்_ஷிஃப்ட்

இ.எஸ்.ஐ., யு.ஏ.என். விளக்கத்தையும் ஒரு பக்கம் சேருங்கள். கிராமசபையில் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை_அக்கா

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காலை பஸ்ஸை மட்டும் கேட்காதீர்கள் தங்கச்சி. கடை விடுவது இரவு ஒன்பது, தீபாவளி சமயத்தில் பத்தரை. எங்கள் ஊருக்குக் கடைசி நகரப் பேருந்து எட்டே முக்காலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு ஆறேழு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்து மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிறோம். ஆளுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் போகிறது. போன மாதம் இரண்டு பிள்ளைகள் இதற்காகவே வேலையை விட்டார்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு பஸ் என்று எழுதுங்கள், கையெழுத்துக்கு எங்கள் கடைப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறோம்.

குழுக்கணக்கு_செல்லம்பட்டி

சேர்த்துவிட்டேன் அக்கா. எந்தத் தடத்துப் பஸ், எந்த நிறுத்தம் வரைக்கும் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள்.